எடை போட்டு எண்ணுவது

பழவேற்காட்டில் இறால் வாங்க வருகிற வியாபாரி, விலை பேசுவதற்கு முன்னால் “என்ன கவுண்ட்?” என்று கேட்பார். கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் கேள்வி. முப்பது கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது, உருப்படி பெரிசு. எண்பது கவுண்ட் என்றால் பொடிசு. கூடையிலிருந்து கொஞ்சம் அள்ளித் தராசில் வைத்து ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் ஐம்பது கிலோ வந்தாலும் ஐந்நூறு கிலோ வந்தாலும் யாரும் இறாலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. எடை போட்டால் போதும், எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

ஒரு வாயுவை இவ்வளவு கிராம் என்று சொல்லிவிட்டு, அதில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்று வேதியியல்காரர்கள் கணக்குப் போடுவதும் இதே தொழில்தான். பள்ளிக்கூடத்தில் இது பலரை விரட்டியடித்த பாடம். ஆனால் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். டீ ஆறுவதற்குள் பாதி முடித்துவிடலாம்.

கணக்குக்குப் பழவேற்காட்டு ஏரியையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் பக்கத்தில், யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று ‘பாடு’ முறை வைத்து வலை கட்டுகிறார்களே, அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டர் மொண்டுகொள்வோம். அதில் 6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பு கலந்த தண்ணீருக்கு, நம் ஊர் வெயிலில், அது நல்ல அளவுதான். இந்த 6 மில்லிகிராமில் எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு?

இங்கேயே ஒரு சந்தேகம் எழும். தண்ணீரே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதானே, அதில் தனியாக ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? தண்ணீருக்குள் கட்டுண்டு கிடக்கிற ஆக்சிஜன் மீனுக்கு உதவாது. அதைப் பிரித்தெடுக்கிற சக்தி எந்தச் செவுளுக்கும் இல்லை. மேலே இருக்கிற காற்றிலிருந்து இறங்கியதும், தண்ணீருக்குள் இருக்கிற பாசியும் செடியும் வெயிலில் விட்டதுமாக, தனி வாயுவாகவே தண்ணீரில் கலந்து நிற்கிற ஆக்சிஜனைத்தான் மீன் சுவாசிக்கிறது. நாம் எண்ணப் போவதும் அதைத்தான்.

முதலில் உருப்படி எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆக்சிஜன் அணு தனியாகத் திரிவதில்லை. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டுதான் காற்றிலும் தண்ணீரிலும் அலைகிறது. அந்த ஜோடிதான் மூலக்கூறு. ஓர் ஆக்சிஜன் அணுவின் எடை 16 என்பது அட்டவணையில் இருக்கும். ஜோடியின் எடை 32. பரீட்சையில் 32 எழுத வேண்டிய இடத்தில் 16 எழுதி, விடையை இரண்டு மடங்காக்கிக்கொண்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். ஹைட்ரஜனும் ஜோடிதான், அதன் எடை 2. தண்ணீர் 18. கார்பன் டை ஆக்சைடு 44.

இந்த 32, 2, 18 எல்லாம் எதன் எடை, கிராமா கிலோவா என்றால், இரண்டும் இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்கிற எண்கள், அவ்வளவே. ஹைட்ரஜன் மூலக்கூறு 2 என்றால் ஆக்சிஜன் மூலக்கூறு 32, அதாவது பதினாறு மடங்கு கனம். இதை எண்ணிக்கையாக மாற்ற மறுபடி இறாலிடம் போவோம். ஐம்பது கவுண்ட் இறால் ஒவ்வொன்றும் 20 கிராம் இருக்கும். நூறு கவுண்ட் இறால் 10 கிராம் இருக்கும். இப்போது பெரிய இறாலில் 20 கிலோவும் சின்ன இறாலில் 10 கிலோவும் நிறுத்து வையுங்கள். இரண்டிலும் சரியாக ஆயிரம் இறால். உருப்படியின் எடை எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் குவியலையும் நிறுத்தால், எண்ணிக்கை சமமாகிவிடுகிறது.

வேதியியலில் அப்படியே செய்கிறார்கள். ஆக்சிஜனில் 32 கிராம், ஹைட்ரஜனில் 2 கிராம், தண்ணீரில் 18 கிராம் நிறுத்து வைத்தால் மூன்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. அந்தக் குவியலுக்கு மோல் என்று பெயர். ஒரு மோலில் இருக்கிற உருப்படிகளின் எண்ணிக்கைதான் அவகாட்ரோ எண்: 6.022 × 10²³. நம் வழக்கில் படித்தால் 602 கோடி கோடி கோடி. கோடி என்ற சொல்லை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலியரான அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியாது என்பது வேடிக்கை. அவர் 1811-இல் ஒரு கருத்தைச் சொன்னார், 1856-இல் இறந்துபோனார். ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரிசு இருக்கும் என்று முதன்முதலில் உருப்படியாக மதிப்பிட்டவர் ஆஸ்திரியாவின் லோஷ்மிட், 1865-இல். எண்ணுக்கு அவகாட்ரோ பெயரை வைத்தது பிரான்சின் ஜான் பெரின், 1909-இல். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று அந்த எண்ணையே நிலையாக வரையறுத்துவிட்டார்கள். இனி யாரும் அதை அளந்து திருத்த வேண்டியதில்லை.

இப்போது நம் லிட்டர் தண்ணீருக்கு வருவோம். 6 மில்லிகிராம் என்றால் 0.006 கிராம். 32 கிராமுக்கு ஒரு மோல் என்றால் 0.006 கிராமுக்கு எத்தனை? 0.006-ஐ 32-ஆல் வகுத்தால் 0.0001875 மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.13 × 10²⁰. அதாவது 11 லட்சம் கோடி கோடிக்குச் சற்று மேல். கணக்கு முடிந்தது. எடையை மூலக்கூறு எடையால் வகு, அவகாட்ரோ எண்ணால் பெருக்கு. எந்த வாயுவானாலும் இந்த இரண்டே வரிதான்.

வழிமுறை சுலபம்தான். சிக்கல் மனசில் இருக்கிறது. கணக்கைச் சரியாகப் போட்டவரும், பிறகு வாய் தவறி, “ஆக்சிஜன் அதிக எடை இருக்கிறது, ஆகையால் அதிக மூலக்கூறு இருக்கிறது” என்று சொல்லிவிடுவார். ஒரே வாயுவுக்குள் அது சரி. 6 மில்லிகிராம் ஆக்சிஜனில் 3 மில்லிகிராமைவிட இரண்டு மடங்கு மூலக்கூறு இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. வேறு வேறு வாயுக்களை அருகருகே வைக்கும்போதுதான் அது கவிழ்த்துவிடுகிறது. எடை எண்ணிக்கையைப் பற்றி நேராக ஒன்றும் சொல்வதில்லை. ‘என்ன கவுண்ட்’ என்று கேட்டால்தான் சொல்லும். ஒரு கிராம் ஆக்சிஜனில் சுமார் 19 கோடி கோடி கோடி மூலக்கூறு. ஒரு கிராம் ஹைட்ரஜனில் 301 கோடி கோடி கோடி. தராசில் இரண்டும் ஒரே கிராம், எண்ணிக்கையிலோ பதினாறு மடங்கு வித்தியாசம்.

இதைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டுக்காரர்கள் தூரம் போக வேண்டாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறதே ஸ்ரீஹரிகோட்டா, அங்கேதான் சதீஷ் தவன் விண்வெளி மையம். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். கிளம்பும்போது இங்கிருந்தே பார்க்கலாம். 2023 ஜூலை 14 மதியம் சந்திரயான்-3 போனது எல்.வி.எம்-3 ராக்கெட்டில். புறப்படும்போது நாம் பார்க்கிற நெருப்பும் வெண்புகையும் பக்கவாட்டில் இருக்கிற திட எரிபொருளின் வேலை. உச்சியில் இருக்கிற கிரையோஜெனிக் பகுதி, ராக்கெட் கண்ணுக்கு மறைந்து வெகு உயரம் போன பிறகுதான் பற்றுகிறது. அதில் ஏற்றுவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். வாயுவாக ஏற்றினால் இடம் கொள்ளாது என்பதால், கடுங்குளிரில் திரவமாக்கி, இரண்டும் சேர்த்துச் சுமார் 28 டன் ஏற்றுகிறார்கள். எடைக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து பங்கு ஆக்சிஜனுக்கு ஒரு பங்கு ஹைட்ரஜன்.

எது அதிகம் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் ஆக்சிஜன் என்பார்கள். எண்ணிப் பார்ப்போம். ஐந்து கிலோ ஆக்சிஜன் என்றால் 5,000-ஐ 32-ஆல் வகுக்க 156 மோல். ஒரு கிலோ ஹைட்ரஜன் என்றால் 1,000-ஐ 2-ஆல் வகுக்க 500 மோல். எடையில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கிற ஹைட்ரஜன், எண்ணிக்கையில் ஆக்சிஜனைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

இன்னும் ஒரு படி போகலாம். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் வருகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு வேண்டும். இந்த ‘ஒன்றுக்கு இரண்டு’ உருப்படிக் கணக்கு. இதையே எடைக் கணக்காக நினைத்து, ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு இரண்டு கிலோ ஹைட்ரஜன் என்று எழுதினால் எல்லாம் தலைகீழாகிவிடும். உண்மையில் எட்டு கிலோ ஆக்சிஜனுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜன் போதும். அப்படியானால் ராக்கெட்டில் எட்டுக்கு ஒன்று என்று ஏற்றாமல் ஐந்துக்கு ஒன்று என்று ஏற்றுகிறார்களே? நம் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 156 மோல் ஆக்சிஜனை எரிக்க 312 மோல் ஹைட்ரஜன் போதும். இருப்பதோ 500. மிச்சம் 188 மோல் எரியாமலே வெளியே போகிறது. வீணடிப்பு போலத் தெரிந்தாலும் வேண்டுமென்று செய்வதுதான். கனமான நீராவியோடு இலேசான ஹைட்ரஜனும் கலந்து வெளியேறினால் வேகம் கூடும், எஞ்சினின் சூடும் கட்டுக்குள் இருக்கும். டன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது, மோலாக மாற்றினால் உடனே தெரியும்.

எடையையே எண்ணிக்கையாக நினைக்கிற இந்தத் தப்பு நம்மிடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவகாட்ரோ 1811-இல் சொன்னது என்ன? ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், சம கன அளவுள்ள எல்லா வாயுவிலும் சம எண்ணிக்கை மூலக்கூறு இருக்கும் என்பது. கன அளவு, அதாவது பிடிக்கிற இடம். ஒரு லிட்டர் ஹைட்ரஜனிலும் ஒரு லிட்டர் ஆக்சிஜனிலும் எண்ணிக்கை ஒன்றே. உருப்படி பெரிசானாலும் சிறிசானாலும் வாயுவில் இடம் ஒன்றுபோலத்தான் பிடிக்கிறது, ஏனென்றால் அங்கே பெரும்பகுதி வெற்றிடம். இறாலுக்கு இந்தச் சலுகை கிடையாது, உவமையை இந்த இடத்தில் இறக்கி வைத்துவிட வேண்டியதுதான். பரீட்சை முடிந்து வருஷங்கள் போனபின் பலருக்கும் மிஞ்சுவது “சமமாக எடுத்தால் சம எண்ணிக்கை” என்ற வால் மட்டும். லிட்டர் மறந்துபோய் அந்த இடத்தில் கிலோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

லிட்டரில் எண்ணுவதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்தோமே, அது பூஜ்ஜியம் டிகிரிக் குளிருக்கான எண். பழவேற்காட்டு 30 டிகிரியில் அதே மோல் சுமார் 25 லிட்டராக விரிந்துவிடும். ஆகவே லிட்டரில் சொன்னால் வெப்பநிலை என்ன, அழுத்தம் என்ன என்று கேட்டாக வேண்டும். கிராமில் சொன்னால் ஒன்றும் கேட்க வேண்டாம். சூடாக இருந்தாலும், சிலிண்டருக்குள் அமுக்கி வைத்தாலும், ராக்கெட்டில் திரவமாகக் குளிர வைத்தாலும், 32 கிராம் ஆக்சிஜனில் 602 கோடி கோடி கோடிதான்.

சரி, அந்த 6 மில்லிகிராமை யார் நிறுத்தது? தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தராசில் வைக்க முடியாது. இப்போது மீட்டரை முக்கினால் எண் வந்துவிடுகிறது. ஆனால் ஹங்கேரியின் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்றும் செய்கிறார்கள்.

மூடி இறுக்கமாகப் பொருந்துகிற 300 மில்லி கண்ணாடி பாட்டிலில், ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு சல்பேட்டும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு மூடிப் புரட்டினால், பழுப்பு நிறத்தில் திரி திரியாக ஒன்று உண்டாகி மெல்ல அடியில் இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜனே இல்லையென்றால் அது வெள்ளையாகவே நிற்கும். பிறகு கந்தக அமிலம் விட்டால் திரியெல்லாம் கரைந்து, அயோடின் பிரிந்து, தண்ணீர் மஞ்சளாகும். அதில் 200 மில்லி எடுத்து, அளவுக் குழாயிலிருந்து தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் சட்டென்று நீலமாகும். மறுபடி சொட்டு விட, ஒரு சொட்டில் நீலம் காணாமல் போகும். அங்கே நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்க்க வேண்டும். வழக்கமான செறிவில் 1 மில்லி கரைசல் செலவானால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். 6 மில்லி செலவானால் 6.

இங்கே எங்கேயும் தராசு வரவில்லை பாருங்கள். நான்கு தயோசல்பேட் செலவானால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இருந்தது என்று பொருள். கரைசலில் லிட்டருக்கு இத்தனை மோல் என்று முன்பே தெரியும். குழாய் உண்மையில் எண்ணித்தான் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை 32-ஆல் பெருக்கி மில்லிகிராமாக்கி அறிக்கையில் எழுதுகிறோம். பிறகு நம்மைப் போல ஒருவர் வந்து, அதை 32-ஆல் வகுத்து மறுபடி எண்ணிக்கையாக்குகிறார்! சுற்றி வளைத்த வேலைதான். ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் மில்லிகிராமில்தான் வரும் என்பதால் வகுக்கத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மீனின் பக்கத்திலிருந்து இந்த எண்ணைப் பார்ப்போம். 11 லட்சம் கோடி கோடி என்றதும் ஏராளம் என்று தோன்றும். அதே லிட்டரில் தண்ணீர் மூலக்கூறு எத்தனை? 1,000 கிராமை 18-ஆல் வகுத்தால் 55.5 மோல். அதை நம் 0.0001875 மோலோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட மூன்று லட்சம் தண்ணீர் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. நாம் சுவாசிக்கிற காற்றிலோ நூறு மூலக்கூறுக்கு இருபத்தொன்று ஆக்சிஜன். எடையில் சொன்னாலும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம், ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் 6. மடவையும் கெளுத்தியும் வாயைத் திறந்து திறந்து மூடி, ஓயாமல் செவுள் வழியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மீன் வளத்துக்கு ஏற்ற தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அதாவது சுமார் ஏழரை லட்சம் கோடி கோடி மூலக்கூறு. நம் 6-க்கும் இந்த 4-க்கும் நடுவே இடைவெளி பெரிதல்ல. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் ஏறி இறங்குவது நின்றுபோகும். ஏரி காய்ந்து சூடும் உப்பும் ஏறும். சூடு ஏறினாலும் உப்பு ஏறினாலும் தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது குறையும். நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை பிடிக்கும். 30 டிகிரியில் அது ஏழரை. கடல் அளவுக்கு உப்பிருந்தால் அதே 30 டிகிரியில் ஆறு சொச்சம்தான். போதாக்குறைக்கு, சூட்டில் மீனின் உடம்பு கேட்கிற ஆக்சிஜனும் கூடும். வரவு குறைகிற நேரம் பார்த்துச் செலவு ஏறுகிறது.

ஆகவே ஏரித் தண்ணீர் பற்றி யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், எத்தனை மில்லிகிராம் என்பதோடு எந்த நேரத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். மதிய வெயிலில் பாசி வேலை செய்து ஆக்சிஜனை ஏற்றி வைத்திருக்கும், எண் அழகாக வரும். இரவில் அதே பாசியும் மீனும் இறாலும் சேர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பதால், பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் அது அடிமட்டத்துக்கு இறங்கும். இறால் பண்ணைக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்தை ஓடவிட்டு, விடியற்காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போவது அதற்காகத்தான்.